பேதி நிற்காதபோதும் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஏன் தொடர்ந்து கொடுக்கச் சொல்கிறார்கள்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் என் மகளுக்குத் திடீரென்று வயிற்றுப்போக்கு கண்டது. அவளுக்கு வயது இரண்டு, எடை 11 கிலோ. காலையில் தொடங்கி மாலைக்குள் ஒன்பது முறை தண்ணீராகவே போனாள். இடையில் நான்கு முறை வாந்தியும் எடுத்தாள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு, ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் துத்தநாக மாத்திரைகளும் கொடுத்து, கரைசலை விடாமல் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கரைத்துக் கொடுத்தேன். ஆசையாகத்தான் குடித்தாள். ஆனால் அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் போனாள். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "ஊற்ற ஊற்றத்தானே போகிறது, கொஞ்ச நேரம் வயிற்றைக் காயப் போடு" என்றார். அவர் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். அவர் பேச்சை எளிதாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. கரைசலை நிறுத்தினேன். இரவு பத்து மணிக்குக் குழந்தை துவண்டுவிட்டாள். பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் மாலை வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது அவள் நலமாக இருக்கிறாள்.

நான் கேட்க விரும்புவது இதுதான். கரைசல் பேதியை நிறுத்தாது என்றால் அதை மருந்து என்று எப்படிச் சொல்கிறார்கள்? உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீருக்கும் வெறும் தண்ணீருக்கும் உண்மையிலேயே அவ்வளவு வேறுபாடு உண்டா? குளுக்கோஸ் ஏற்றுவதுதான் உயர்ந்த சிகிச்சை, வசதியில்லாதவர்களுக்காகவே இந்தப் பொட்டலம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைக்கிறார்கள். அது சரியா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் என்னைப் போன்ற பல தாய்மார்களுக்கு உதவும்.

பணிநிறைவு_செவிலி எழுதியது:

அம்மா, குழந்தை தேறிவிட்டாள் என்று படித்த பிறகே மற்றதைப் படிக்க மனம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகள் பிரிவிலும் தொற்றுநோய்ப் பிரிவிலும் பணி செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பேதியில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமி அன்று. உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்புகளுமே. கிருமியைப் பெரும்பாலான குழந்தைகளின் உடல் சில நாட்களில் தானாகவே வெளியேற்றிவிடும். அந்தச் சில நாட்களைக் கடந்து வருவதற்குத் தேவையான நீர் உடம்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கரைசலின் வேலை பேதியை நிறுத்துவதன்று, போனதைத் திருப்பிக் கொடுப்பது. ஆகவே அது பலன் தருகிறதா என்று அறிய எத்தனை முறை போனாள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் நமக்குப் பயம்தான் மிஞ்சும். குழந்தை சிறுநீர் கழிக்கிறாளா, அழுதால் கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா என்பவற்றையே பார்க்க வேண்டும்.

நாங்கள் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே உள்ள தோலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெல்லக் கிள்ளித் தூக்கி விட வேண்டும். நலமான குழந்தைக்கு அது விட்ட கணமே பழையபடி படிந்துவிடும். நீர் வற்றிய குழந்தைக்கு மடிப்பு மெதுவாக இறங்கும். இரண்டு நொடிக்கு மேல் அந்த மடிப்பு அப்படியே நின்றால், கண்களும் குழிவிழுந்து, குடிக்கவும் முடியாமல் குழந்தை மயங்கிக் கிடந்தால், அது கடுமையான நீரிழப்பு. அந்த நிலையில் கரைசலோடு வீட்டில் காத்திருக்கக் கூடாது. நரம்பு வழியே ஏற்றுவதுதான் முறை. எனவே அன்றிரவு குளுக்கோஸ் ஏற்றியதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். கரைசலை நிறுத்தியதிலிருந்து இரவு பத்து மணி வரை வெறும் வயிற்றோடு கிடந்ததுதான் அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஓரளவு நீரிழந்த குழந்தைக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறைப்படி, எடையில் ஒரு கிலோவுக்கு 75 மில்லி வீதம் முதல் நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 825 மில்லி. ஐந்து மில்லிக் கரண்டியால் கணக்கிட்டால் 165 கரண்டி. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கரண்டி. ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் இதை மட்டுமே செய்ய வேண்டும். உண்மையில் இது கடினமான வேலை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்கத் தொடங்க வேண்டும். டம்ளரில் ஊற்றி மடமடவென்று குடிக்கவிட்டால்தான் வாந்தியாகும். கரண்டியால் கொடுத்தால் பெரும்பாலும் தங்கிவிடும். அந்தக் கட்டம் கழிந்த பிறகு, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பின்னும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி போதும். தாய்ப்பாலையோ வழக்கமான உணவையோ நிறுத்தக் கூடாது. துத்தநாகம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதினருக்கு 10 மில்லிகிராம். பேதி நின்றுவிட்டாலும் 14 நாட்கள் வரை முடிக்க வேண்டும்.

இன்னொன்று. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நீரளவை முதலில் படியுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கானது, சிறியது 200 மில்லிக்கானது. பெரிய பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு குழந்தையின் இரத்தத்தில் உப்பு மிகுந்து வலிப்பே வந்துவிட்டது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

குடல்நூல் எழுதியது:

வெறும் தண்ணீருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் உடலியங்கியல் கற்பிப்பவன்.

பேதியிலேயே கடுமையான காலராவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காலராக் கிருமி குடலைக் கிழிப்பதில்லை, புண்ணாக்குவதுமில்லை. அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. 1959இல் கொல்கத்தாவில் சம்புநாத் தே என்ற ஆய்வாளர் முயல்களின் குடலில் சோதனை செய்து இதை நிலைநாட்டினார். அந்த நஞ்சு குடல் சுவரிலுள்ள செல்களுக்குள் புகுந்து குளோரைடு வெளியேறும் வாயிலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைடு வெளியேற, சோடியம் பின்தொடர, நீரும் அவற்றோடு குடலுக்குள் கொட்டுகிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இப்படிப் போய்விடக்கூடும். வழக்கமாக உப்பை உள்ளிழுக்கும் வழிகளில் ஒன்றையும் அந்த நஞ்சு அடைத்துவிடுவதால், வெறும் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கொடுத்தால் அதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடுகிறது. உங்கள் மாமியார் கண்ணால் கண்டு சொன்னது முற்றிலும் பிழையன்று. பல தலைமுறைகளாக மக்கள் வெறும் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்து அடைந்த அனுபவம் அது.

ஆனால் நஞ்சால் அடைக்க முடியாத வேறொரு வாயில் இருக்கிறது. குளுக்கோஸை உள்ளே கொண்டுசெல்லும் புரதம் ஒன்று குடற்செல்லின் மேற்பரப்பில் உண்டு. சோடியம் உடன் வந்தால்தான் அது குளுக்கோஸை உள்ளே விடும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் என்பது அதன் கணக்கு. ராபர்ட் கிரேன் 1960இல் ஐரோப்பாவின் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் இந்த இணைப்பை முன்வைத்தார். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும்போது நீரும் அவற்றைப் பின்தொடர்ந்து போகிறது. காலராவின் உச்சத்திலும் இந்த வாயில் திறந்தே இருக்கிறது. ஆகவே கரைசலில் சர்க்கரை இருப்பது தெம்புக்காகவும் அன்று, சுவைக்காகவும் அன்று. உப்பை உள்ளே அழைத்துச்செல்லும் துணை அது.

துணை தேவைக்கு மேல் போனால் கெடுதல். குடலுக்குள் சர்க்கரை மிகுந்து நின்றால், சவ்வூடு பரவலால் உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கிவிடும். 1970களில் ஏற்கப்பட்ட பழைய பொட்டலத்தில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 20 கிராமும் உப்பு 3.5 கிராமும் இருந்தன. பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதைக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று மாற்றின. செறிவு குறைந்ததும் குழந்தைகளுக்கு மலத்தின் அளவும் வாந்தியும் நரம்பு வழியே ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தன. குளிர்பானமும் பெட்டியில் அடைத்த பழச்சாறும் பேதிக்கு ஏன் ஆகா என்பதற்கும் இதே காரணம்தான்: சர்க்கரை மிகுதி, சோடியம் மிகக் குறைவு.

எல்லையோரம் எழுதியது:

குளுக்கோஸ் ஏற்றுவது உயர்ந்தது, பொட்டலம் ஏழைகளுக்கானது என்ற எண்ணத்தைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். இந்த எண்ணம் உங்கள் தெருவில் மட்டுமன்று, ஒரு காலத்தில் உலகின் பெரிய மருத்துவர்களிடமும் இருந்தது. அது எங்கே உடைந்தது என்பது நம் நாட்டின் கதை.

நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவது புதிதன்று. 1832இலேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா காலரா நோயாளிகளுக்கு அதைச் செய்தார். வாய்வழியே கொடுக்கும் முயற்சியும் நம் பக்கத்தில் முன்பே தொடங்கிவிட்டது. கொல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை 186 காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துக் குணமாக்கியதை 1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். பேதிக்குக் கற்பூரவல்லி இலைச்சாற்றையும் அவர் சேர்த்துக் கொடுத்தார். நம் வீட்டு முற்றத்தில் வளரும் அதே கற்பூரவல்லிதான்! உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் அவர் அளந்து ஒப்பிட்டுக் காட்டாததால் உலகம் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோனது. 1960களின் தொடக்கத்தில் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் ஃபிலிப்ஸ் குளுக்கோஸ் உப்பை உள்ளிழுப்பதை நோயாளிகளிடமே கண்டார். ஆனால் அடுத்து நடத்திய சோதனையில் கரைசல் மிகச் செறிவாக அமைந்துவிட, சிலர் இறந்துபோனார்கள். அதன்பின் அவர் இந்த வழியைப் பற்றியே தயக்கம் கொண்டார். அளவு தவறினால் என்ன ஆகும் என்று செவிலி அம்மா சொன்னது ஆய்வுக்கூடத்திலும் நடந்திருக்கிறது.

டாக்காவிலிருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் அங்கிருந்த வங்காள மருத்துவர்களோடு சேர்ந்து 1968இல் அந்தக் கணக்கைச் சரிசெய்தார்கள். காலராக் கட்டில் என்பது நடுவே துளையிட்ட கட்டில்; அடியில் ஒரு வாளி. வாளியில் எவ்வளவு விழுந்தது என்று அளந்து, அதற்கு ஈடாக வாயால் கொடுத்தார்கள். நரம்பு வழியே ஏற்ற வேண்டிய நீரின் தேவை 80 விழுக்காடு குறைந்தது. கொல்கத்தாவில் நதானியேல் பியர்ஸ் குழுவினரும் அதே முடிவுக்கு வந்தனர். எல்லாம் சரி, ஆனால் இவை பயிற்சி பெற்றவர்கள் சுற்றி நின்று அளந்து செய்தவை. படிக்காத ஒரு தாயின் கையில் இதை ஒப்படைக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலோர் கூடாது என்றே சொல்லியிருப்பார்கள்.

1971 மார்ச்சில் கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலமும் வந்தது, காலராவும் வந்தது. கொல்கத்தாவில் அமெரிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் இருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஜூன் மாத இறுதியில் எல்லையோர ஊரான போங்காவுன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு அறைகள், பதினாறு கட்டில்கள். கட்டிலில் இடமில்லாமல் தரையெங்கும் நோயாளிகள். தரை முழுவதும் மலமும் வாந்தியும். ஒருவருக்கு ஊசி ஏற்ற வேண்டுமென்றால் அந்த அசுத்தத்தில் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நரம்பில் ஏற்றும் நீரோ தீர்ந்துகொண்டே வந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

அவர் எடுத்த முடிவு அப்போது எந்த நெறிமுறையிலும் இல்லாதது. குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், ஒரு லிட்டர் நீர். கொல்கத்தா மையத்தின் நூலக அறையில் உட்கார்ந்து பொடிகளை நிறுத்துப் பாலிதீன் பைகளில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். முகாமில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். தாயோ தந்தையோ சகோதரியோ குவளையில் பிடித்துப் போய்த் தங்கள் நோயாளிக்குக் கொடுத்தார்கள். கரைசல் என்று சொன்னால் மக்களுக்கு நம்பிக்கை வராது என்று அதை 'வாய்வழி சலைன்' என்றே அழைத்தார்கள்; சலைன் என்பது நரம்பில் ஏற்றும் உப்புநீர். எனக்கு இதில் மிகவும் மனத்தைத் தொடும் செய்தி இதுதான்: ஊசியில் ஏறுவதுதான் உயர்ந்தது என்று நம்பி வந்த அகதிகளிடம், அதே சலைனைத்தான் நீங்கள் வாயால் குடிக்கிறீர்கள் என்று சொல்லிப் புரியவைத்தார்கள். அது உண்மையும்கூட.

ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 காசு. எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தார்கள். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா முகாமுக்கு வந்து நேரில் பார்த்தார். கரைசல் செய்யும் முறை வங்காளதேச ரகசிய வானொலியிலும் ஒலிபரப்பானது. ஆனாலும் மஹலனாபிஸின் கட்டுரையை முதலில் ஏற்க இதழ்கள் தயங்கின. அது 1973இல்தான் வெளியானது. இந்தச் சிகிச்சையைக் குறித்து 1978இல் 'லான்செட்' தலையங்கம், இது இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோதே அதைச் செய்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பொட்டலமே இல்லாத வீடுகளுக்கு இதைக் கொண்டுபோனது வங்காளதேசத்தின் பிராக் அமைப்பு. ஃபஸ்லே ஹசன் ஆபேத் நிறுவிய அந்த அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூன்று விரல் கூட்டி எடுத்த உப்பு, நான்கு விரலால் அள்ளிய வெல்லம், அரைச் சேர், அதாவது ஏறத்தாழ அரை லிட்டர், நீர். பணியாளர் வெறுமனே செய்துகாட்டிவிட்டு வந்துவிடுவதில்லை. அந்தத் தாயே தன் கையால், தன் வீட்டுப் பாத்திரத்தில் செய்ய வேண்டும். சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், சொல்லிக்கொடுத்த பத்துச் செய்திகளில் எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார். தாய்க்கு நினைவிருந்த அளவைப் பொறுத்தே பணியாளருக்கு ஊதியம். தொடக்கத்தில் தாய்மார்கள் கற்றுக்கொண்டார்கள், ஆனால் வீட்டில் பயன்படுத்தவில்லை. விசாரித்தபோது, கற்பித்த பணியாளர்களே தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரையைத் தேடினார்கள் என்பதும், ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை என்பதும் தெரியவந்தன. பிறகு சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். உங்கள் வீட்டில் மாமியாரிடம் சுகாதார நிலையத்தில் யாராவது பேசியிருந்தார்களா? வீட்டில் தீர்மானிப்பவர் யாரோ அவருக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

யாழ்_மருந்தாளர் எழுதியது:

வணக்கம். இலங்கையில் எங்கள் பக்கத்தில் பேதியை வயிற்றோட்டம் என்றுதான் சொல்வோம், ஓ.ஆர்.எஸ். பொதியை 'ஜீவனி' என்று சொல்வோம். அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் அந்தப் பெயரில் தயாரிப்பதால் பெயரே பொருளாகிவிட்டது. மருந்தகத்தில் நிற்கிற எனக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல்: வருகிறவர் ஜீவனி என்று கேட்டால் எதைக் கொடுப்பது என்பதில் குழப்பமே இல்லை.

இந்தியாவில் நிலைமை அவ்வாறு இல்லை என்று அங்குள்ள உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இனிப்புப் பானங்களைப் பெட்டியில் அடைத்து, அதன்மேல் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரின் பகுதியாகப் போட்டு மருந்துக் கடைகளிலேயே விற்றுவந்தார்கள். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பயனாக, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பொருள் எதிலும் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. குடல்நூல் ஐயா சொன்ன கணக்கைப் பார்த்தால் அந்த உத்தரவு எத்தனை தேவையானது என்று விளங்கும். பேதியால் துவண்ட பிள்ளைக்கு, மருந்து என்று நம்பி, பேதியைக் கூட்டுகிற ஒன்றைத் தாய் காசு கொடுத்து வாங்கிக் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! வாங்கும்போது பொதியில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் என்ற அளவுகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. செவிலி அம்மா எழுதியதை நான் என் மாமியாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். தோலைக் கிள்ளிப் பார்க்கும் இடம் வந்ததும் அவர், "அம்மைக் காலத்திலும் பேதிக் காலத்திலும் எங்கள் அம்மா இப்படித்தான் பார்ப்பார்" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. அவருடைய மூத்த தம்பி நான்கு வயதில் வாந்திபேதியில் போனதையும், தண்ணீர் கேட்டு அழுதும் யாரும் கொடுக்கவில்லை என்பதையும் இரவு சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். கைவசம் பொட்டலம் இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்யலாமா? அரிசிக் கஞ்சியும் இளநீரும் கொடுக்கலாம் என்கிறாரே மாமியார், அது சரியா?

குடல்நூல் எழுதியது:

கஞ்சி விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதற்கு அறிவியல் ஆதரவு உண்டு. அரிசி மாவு குடலில் சிறிது சிறிதாகச் செரித்து, குளுக்கோஸை ஒரேயடியாகக் கொட்டாமல் மெதுவாக விடுகிறது. ஆகவே நீரை உடம்பிலிருந்து இழுப்பதில்லை. அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல் காலராவில் மலத்தின் அளவைக் குறைப்பதை வங்காளத்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் இன்னொரு படி மேலே போனார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் கொழுப்பமிலங்களாக மாறி, பெருங்குடலையும் உப்பும் நீரும் உறிஞ்சவைக்கிறது; காலரா நோயாளிகளுக்குப் பேதி குறைகிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கஞ்சியில் உப்பு சேர்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. இடையிடையே கொடுக்கலாம், கரைசலுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

1992இல் சென்னையிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் புதுவகைக் காலராக் கிருமி ஒன்று தோன்றி, பின்னர் வங்காளத்துக்குப் பரவியது. ஓ139 என்று அதற்குப் பெயரிட்டார்கள். பழைய காலராவுக்கு எதிராக உடம்பில் இருந்த எதிர்ப்பாற்றல் அதனிடம் செல்லவில்லை. பழைய தடுப்பூசியும் உதவாது என்ற நிலை. ஆனால் கரைசல் அப்போதும் அதே கரைசல்தான். அது கிருமியோடு சண்டையிடுவதில்லை என்பதால் கிருமி எந்தப் பெயரில் வந்தாலும் அதற்கு வேறுபாடில்லை. பேதியை நிறுத்தாத ஒன்றை மருந்து என்று எப்படிச் சொல்வது என்று தொடக்கத்தில் கேட்டீர்கள் அல்லவா, அதன் வலிமையே அங்கேதான் இருக்கிறது.

பணிநிறைவு_செவிலி எழுதியது:

வீட்டில் செய்யும் முறை இது. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டு நன்றாகக் கரைக்க வேண்டும். கரண்டியைக் குவித்து அள்ளாமல், கத்தியின் முதுகால் வழித்துவிட்டு எடுங்கள். கரைத்ததும் முதலில் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இல்லை. ஆகவே பொட்டலம் கைக்கு வரும் வரைக்குமே இது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். இரண்டை வாங்கி வீட்டில் வைத்திருங்கள், ஆனால் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகிவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டாலோ, குழந்தை எழுப்பினால் எழாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பேதியைக் கட்டும் மாத்திரைகளைக் குழந்தைக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள் அம்மா. அந்தக் காலத்தில் அவர் தம்பிக்குத் தண்ணீர் கொடுக்காதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். கொடுத்தால் கூடிவிடும் என்று மருத்துவர்களே நம்பிய காலமும் இருந்தது. அடுத்த முறை பேத்திக்குக் கரண்டியால் ஊட்டும் வேலையை அவரிடமே கொடுங்கள். நான்கு மணி நேரம் பொறுமையாக மடியில் வைத்திருக்க ஐந்து பிள்ளைகளை வளர்த்தவரைவிடத் தகுந்தவர் யார்?